குடல் காசநோயா, கிரோன் நோயா: பிரித்தறியும் முறை

வலது அடிவயிற்றில் விட்டுவிட்டு வரும் வலி, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குறைந்துகொண்டே போகும் எடை, அவ்வப்போது காய்ச்சல் ஆகியவற்றுடன் வரும் ஒருவருக்குக் கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) செய்கிறார்கள். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் புண்கள் தெரிகின்றன. ஐரோப்பாவில் இருக்கும் மருத்துவர் இதைப் பெரும்பாலும் கிரோன் நோய் (கிருமி எதுவும் அகப்படாமல் குடலில் நீடிக்கும் அழற்சி நோய்) என்றே முதலில் எண்ணுவார். இந்தியாவில் அந்த எண்ணத்துக்கு உடனே இடம் கொடுக்க முடியாது, ஏனெனில் இங்கே காசநோய் பரவலாக இருக்கிறது, அது குடலில் தங்கும்போது மிக விரும்பித் தங்கும் இடமும் இதுவே. நிணத்திசு மிகுந்திருப்பதாலும், உணவுக்கூழ் அங்கே சற்று நேரம் தேங்கி நிற்பதாலும் கிருமிக்கு அந்த இடம் வசதியாகிவிடுகிறது.

இந்தக் குழப்பம் கிரோன் நோய் அறியப்பட்ட நாளிலிருந்தே உள்ளது. 1913இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் டால்சீல், குடற்சுவர் தடித்து அடைபட்ட சில நோயாளிகளைப் பற்றி எழுதியபோதே, திசுக்கள் காசநோயை ஒத்திருந்தும் கிருமி மட்டும் அகப்படவில்லை என்று குறிப்பிட்டார். 1932இல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் அதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஆங்கில அகரவரிசையில் முதலில் நின்ற காரணத்தால் கிரோனின் பெயரே நோய்க்கு நிலைத்தது.

வேறுபடுத்திப் பார்ப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இங்கே நேரக்கூடிய தவறுகள் இரண்டு, அவற்றின் விளைவுகள் சமமானவை அல்ல. காசநோயைக் கிரோன் என்று கருதி ஸ்டீராய்டோ, இன்ஃபிளிக்ஸிமாப் போன்ற ஊசியோ கொடுத்தால், நோயெதிர்ப்பு அடங்கி, கிருமி உடல் முழுவதும் பரவி உயிருக்கே ஆபத்து நேரலாம். கிரோனைக் காசநோய் என்று கருதி மாத்திரை கொடுத்தால் உடனடி ஆபத்து குறைவு. ஆனால் உண்மையான நோய் மாதக்கணக்கில் கவனிப்பாரின்றி முற்றி, குடல் குறுகி, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் நிறுத்தலாம். ஆகவே ஐயம் தீராதபோது காசநோய்க்கே முதலில் மருந்து கொடுப்பது நியாயம், ஆனால் அந்த மருந்துக்குத் தொடக்கத்திலேயே கெடு வைத்துவிட வேண்டும். கெடு வைக்காத இடங்களில்தான் நோயாளிகள் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் விலக்க வேண்டியவை

வயிற்றுவலியும் மலப்போக்கில் மாற்றமும் இருக்கும் எல்லோருக்கும் அழற்சி நோய் இருப்பதில்லை. எரிச்சல் குடல் என்று சொல்லப்படும் ஐபிஎஸ் தொல்லையில் ரத்தம் போவதில்லை, காய்ச்சல் வருவதில்லை, எடை குறைவதில்லை, தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்கு வயிற்றுப்போக்கு வருவதும் அரிது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவைப் பார்க்கும் பரிசோதனை இங்கே மிகவும் உதவும்: ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு, 250க்கு மேல் இருந்தால் அழற்சி இருக்கிறது என்றே கொள்ளலாம். ஆனால் எந்த அழற்சி என்பதை அது சொல்லாது. காசநோயிலும் உயரும், கிரோனிலும் உயரும், வலி மாத்திரைகளாலும் உயரும்.

வலி மாத்திரையைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நெடுநாள் விழுங்குபவர்களுக்குச் சிறுகுடலின் கடைப்பகுதியில் கிரோனைப் போலவே புண்கள் தோன்றுவதுண்டு. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடுவதை நம்மவர்கள் மருந்து என்றே எண்ணுவதில்லை. ஆகையால் 'ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். மாத்திரையின் பெயரையோ நிறத்தையோ சொல்லிக் கேட்பது நல்லது.

ரத்தமும் சளியும் கலந்து மலம் போனால் அமீபா சீதபேதியையும் விலக்க வேண்டும். அதைப் பெருங்குடல் புண் அழற்சி என்று தவறாக எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகும் ஆபத்து உண்டு. எனவே ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் புதிய மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். சில நாட்களில் வந்து சில நாட்களில் போய்விடும் கிருமித்தொற்று வயிற்றுப்போக்கு இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது.

பெருங்குடல் புண் அழற்சியைத் தனியே எடுத்தல்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சியைக் கிரோனிலிருந்து பிரிப்பது ஒப்பீட்டளவில் எளிது. அது மலக்குடலில் தொடங்கி, இடையில் நலமான பகுதி எதையும் விட்டுவைக்காமல், மேல்நோக்கித் தொடர்ச்சியாக ஏறும். பெருங்குடலைத் தாண்டிச் செல்லாது. குடற்சுவரின் உள்சவ்வை மட்டுமே தாக்கும். ரத்தம் கலந்த பேதி, கழிப்பறைக்கு ஓட வேண்டிய அவசரம், போய்வந்த பிறகும் முழுதும் கழியாத உணர்வு ஆகியவை அதன் முகங்கள். கிரோனோ வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், ஓரிடத்தைத் தாக்கி அடுத்ததை விட்டுவிட்டுத் தாவலாம், சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துச் செல்லலாம். அதனால்தான் கிரோனில் குடற்குறுக்கமும், குடலிலிருந்து பக்கத்து உறுப்புக்கோ தோலுக்கோ திறக்கும் புரைவழிகளும், திரும்பத் திரும்ப வரும் பவுத்திரமும் காணப்படுகின்றன. புகைப்பழக்கம் கிரோனை மோசமாக்குகிறது. புண் அழற்சியோ, வியப்பாக, புகைப்பதை நிறுத்திய பிறகு தலைகாட்டுவதுண்டு. அதற்காகப் புகைக்கச் சொல்லும் மருத்துவர் யாரும் இல்லை.

இதிலும் சில பொறிகள் உள்ளன. எனிமா மருந்து போட்டுக்கொண்டிருக்கும் புண் அழற்சி நோயாளியின் மலக்குடல் ஆறித் தோன்றும்; அதைப் பார்த்து 'மலக்குடல் விடுபட்டிருக்கிறது, ஆகவே கிரோன்' என்று முடிவெடுத்துவிடக் கூடாது. பெருங்குடல் முழுவதும் அழன்றிருக்கும்போது சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டர்களும் சற்றுச் சிவந்திருக்கலாம், அதுவும் கிரோனுக்கு அடையாளமாகாது. இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று: புண் அழற்சியில் பெருங்குடலை முழுதாக அகற்றினால் குடல்நோய் அத்துடன் தீர்கிறது, கிரோனில் வெட்டிச் சேர்த்த இடத்திலேயே நோய் திரும்ப வருவது வழக்கம்.

நோயாளியின் சொற்களிலிருந்து

இனிக் கடினமான கேள்விக்கு வருவோம். முதலில் கால அளவைக் கேட்க வேண்டும். கிரோன் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சில மாதம் தணிந்து மீண்டும் சீறும். குடல் காசநோயின் கதை பொதுவாகக் குறுகியது, சில மாதங்களுக்குள் அடங்குவது, இடையில் தணியாமல் நேராக மோசமாவது. மாலையில் ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, வேகமான எடை இழப்பு, வயிற்றில் நீர் கோப்பது ஆகியவை காசநோயின் பக்கம் சாய்கின்றன. மலத்தில் ரத்தம், பவுத்திரம், அடிக்கடி வாய்ப்புண், மூட்டு வீக்கம், கண் சிவந்து வலிப்பது, முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத்தில் சிவந்த வலிக் கட்டிகள் ஆகியவை கிரோனின் பக்கம் சாய்கின்றன. வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்ததா, காய்ச்சாத பால் குடிக்கும் வழக்கம் உண்டா என்பவற்றையும் கேட்க வேண்டும்.

'சாய்கின்றன' என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். பவுத்திரத்தைக் காசநோயும் உண்டாக்கும். கிரோனிலும் காய்ச்சல் வரும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில் பல அறிகுறிகளை அலசி, நான்கை மட்டும் பிரித்தறிய உதவுபவை என்று எடுத்தார்கள்: மலத்தில் ரத்தம், பெருங்குடலின் இடப்பக்கக் கடை வளைவான சிக்மாய்டு பாதிக்கப்படுதல், திசுவில் ஆங்காங்கே மட்டும் திரளும் அழற்சி ஆகிய மூன்றும் கிரோனுக்கு, எடை இழப்பு காசநோய்க்கு. இந்த நான்கையும் தனித்தனியே பார்ப்பதைவிடச் சேர்த்து மதிப்பெண் போட்டுப் பார்ப்பதே பயன் தந்தது.

கொலோனோஸ்கோப்பி அறிக்கையைப் படிக்கும் விதம்

அறிக்கையில் 'இலியத்திலும் (சிறுகுடலின் கடைப்பகுதி) சீக்கத்திலும் (பெருங்குடலின் தொடக்கம்) புண்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. புண்களின் போக்கையும் இடத்தையும் மருத்துவரிடம் கேட்டு அறிய வேண்டும். குடலின் நீளவாக்கில் ஓடும் புண்களும், சிறு கொப்புளம் போன்ற மேலோட்டமான புண்களும், கூழாங்கற்கள் பதித்தது போன்ற தோற்றமும், ஆசனவாய்ப் பகுதியின் பாதிப்பும் கிரோனுக்குரியவை. குடலைச் சுற்றிக் குறுக்குவாட்டில் வளையமாக ஓடும் புண்களும், வாயைத் திறந்தபடியே விறைத்து நிற்கும் இலியோசீக்கல் வால்வும் (அவ்விரண்டும் சேருமிடத்து அடைப்பிதழ்), தழும்புகளும், குடலின் நான்குக்கும் குறைவான பகுதிகளில் மட்டும் பாதிப்பு இருப்பதும் காசநோய்க்குரியவை. 2006இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இந்த எட்டையும் இரு தட்டுகளில் வைத்து, எந்தத் தட்டில் எண்ணிக்கை கூடுகிறதோ அந்த நோய் என்று கணிக்கும் எளிய முறையைத் தந்தது. வசதியான முறைதான், ஆனால் இரண்டு தட்டுகளும் சமமாக நிற்கும் நோயாளிகளும் உண்டு.

பயாப்ஸி: அதிகக் கவனம் இங்கேதான் வேண்டும்

பயாப்ஸி என்பது குடலிலிருந்து சிறு திசுத் துணுக்குகளை எடுத்து ஆராய்வது. எல்லாப் பரிசோதனைகளிலும் இதுவே கனமானது, எளிதில் வீணாவதும் இதுவே. எடுக்கும் திசுத் துணுக்குகளை எல்லாம் ஃபார்மலின் நிரம்பிய ஒரே குப்பியில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும். பிறகு அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்க வழியே இல்லை. ஆகவே கொலோனோஸ்கோப்பிக்குப் போவதற்கு முன்பே, சில துணுக்குகள் ஃபார்மலினில் திசு ஆய்வுக்கும், சில துணுக்குகள் சாதாரண சலைன் நீரில் காசநோய்க் கிருமி வளர்ப்புக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் போகுமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நோயாளியின் குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒரு காரியம். இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர்கள் குறைவு.

துணுக்குகளைப் புண்ணின் விளிம்பிலிருந்தும் அடியிலிருந்தும் பலவாக எடுக்க வேண்டும். நலமாகத் தெரியும் பகுதிகளிலிருந்தும் எடுக்க வேண்டும். பின்னதன் காரணம் பலருக்குப் புரிவதில்லை. கிரோனில், கண்ணுக்கு நலமாகத் தெரியும் இடத்திலும் நுண்ணோக்கியில் அழற்சி தென்படலாம்; காசநோயில் பாதிப்பு பெரும்பாலும் புண் இருக்கும் இடத்தோடு நின்றுவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் மருத்துவர்கள் 1999 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இந்தத் துறைக்கு அடிப்படையாக அமைந்தவை. உலகின் பல நாடுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுபவை.

கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு) என்ற சொல் அறிக்கையில் இருந்தால் பலர் உடனே காசநோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது இரண்டு நோயிலும் இருக்கும். பார்க்க வேண்டியது அதன் தன்மை. காசநோயின் கிரானுலோமாக்கள் பெரியவை, 200 மைக்ரானைத் தாண்டுபவை, எண்ணிக்கையில் மிகுந்தவை, ஒன்றோடொன்று இணைந்து கிடப்பவை, உள்சவ்வுக்குக் கீழடுக்கிலும் காணப்படுபவை. கிரோனில் இருப்பவை சிறியவை, சிதறியவை, ஒரு துண்டில் ஒன்றிரண்டே அகப்படுபவை. நடுவில் திசு செத்துத் தயிர்க்கட்டி போலாகும் கேசியேஷன் என்ற சிதைவு தெரிந்தால் காசநோய் என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் கொலோனோஸ்கோப்பி எடுக்கும் சிறு துணுக்கில் அது பெரும்பாலும் அகப்படாது. அது இல்லை என்பதால் காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. திசு அறிக்கை தெளிவின்றி இருந்தால் அதே கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கி, குடல் திசுவில் பழக்கமுள்ள இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டலாம். மீண்டும் குழாய் விட வேண்டிய தேவை அதனால் பலசமயம் தவிர்க்கப்படும்.

கிருமியை நேரடியாகக் காண்பதே இறுதிச் சான்று. சாயமேற்றிப் பார்க்கும் முறையில் குடல் திசுவில் கிருமி அரிதாகவே தெரிகிறது. ஜீன்எக்ஸ்பர்ட் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விடை தரும், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி எதிர்ப்புப் பெற்றிருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லும். அதில் 'உண்டு' என்று வந்தால் நம்பலாம், 'இல்லை' என்று வந்தால் நம்ப முடியாது. திரவ ஊடகத்தில் கிருமி வளர்ப்பின் முடிவுக்கு 42 நாட்கள் வரை காத்திருக்க வேண்டும். அந்த முடிவு வரும் தேதியைக் குறித்து வைத்து, போய்க் கேட்டு வாங்க வேண்டும். வாங்கப்படாமல் ஆய்வகத்திலேயே தங்கிவிடும் அறிக்கைகள் உண்டு.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்

குடலைக் காட்டும் சிடி ஸ்கேனில், நடுப்பகுதி அழுகிக் கருத்துத் தெரியும் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நிணமுடிச்சுகள் காசநோய்க்கு வலுவான சான்று. சிறுகுடலில் நீண்ட தூரம் தடிப்பு, இடைவெளி விட்டுவிட்டுப் பல இடங்களில் தடிப்பு, குடலை நோக்கிச் செல்லும் ரத்தக்குழாய்கள் சீப்புப் பற்களாய் விரிந்து நிற்பது ஆகியவை கிரோனைக் காட்டும். மார்புப் படத்தில் காசநோய் தெரிந்தால் கேள்வி ஏறத்தாழ முடிந்தது. மார்பு நலமாக இருந்தால் எதுவும் முடிந்ததாகாது, ஏனெனில் குடல் காசநோயாளிகள் பலருக்கு நுரையீரல் நலமாகவே இருக்கும்.

மான்டூ ஊசிச் சோதனையும், இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையும், உடலில் கிருமி எப்போதாவது நுழைந்திருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். நம் நாட்டில் மிகப் பலருக்கு அது நுழைந்து அடங்கிக் கிடக்கிறது. ஆகவே கிரோன் நோயாளிக்கும் அவை 'உண்டு' என்று வரலாம்.

மருந்து கொடுத்துப் பார்த்தல்

இத்தனைக்குப் பிறகும் முடிவு தெரியாத நோயாளிகள் கணிசமாக எஞ்சுகிறார்கள். அவர்களுக்குக் காசநோய் மருந்தைத் தொடங்கி, குடல் எப்படி விடை சொல்கிறது என்று பார்ப்பது இந்தியாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கும் முதல் இரண்டு மாதம்; பிறகு பைரசினமைடு நீங்க மற்ற மூன்றும் நான்கு மாதம். வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாதமே போதும் என்பதைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் 1997இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: ஆறு மாத மருந்து பன்னிரண்டு மாத மருந்துக்கு ஈடாகப் பயனளித்தது. அரசு காசநோய்த் திட்டத்தில் இந்த மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் மூன்றும் கல்லீரலையும் எத்தாம்புட்டால் கண் பார்வையையும் பாதிக்கக்கூடும் என்பதால், கண் மஞ்சளித்தாலோ நிறங்கள் மங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தவறு நேர்வது இந்த இடத்தில்தான். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் நோயாளி 'பரவாயில்லை' என்கிறார், எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது, எல்லோரும் காசநோய்தான் என்று நிம்மதி அடைகிறார்கள். கிரோன் நோயாளிகளிலும் ஒரு பகுதியினர் இந்த மருந்தில் சிறிது காலம் நலமடைவதாக உணர்கிறார்கள். கிரோன் இயல்பிலேயே ஏறி இறங்கும் நோய் அல்லவா? எனவே நோயாளியின் சொல்லை மட்டும் நம்பாமல் குடலைத் திரும்பப் பார்க்க வேண்டும். காசநோயில் புண்கள் பெரும்பாலும் இரண்டு மாதத்திலேயே ஆறிவிடுகின்றன; கிரோனில் ஆறுவதில்லை. ஆகவே மருந்து தொடங்கும் நாளிலேயே இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யும் கொலோனோஸ்கோப்பிக்குத் தேதி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதைத்தான் முன்பு கெடு என்று சொன்னேன். மீண்டும் குழாய் விடுவதற்கு நோயாளி தயங்கினால், தொடக்கத்தில் எடுத்த சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்), கால்ப்ரொடெக்டின் அளவுகள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று பார்ப்பது ஓரளவு துணைசெய்யும், ஆனால் அதற்கு ஈடாகாது.

இந்தக் காலத்தில் வலி தாங்காமல் யாராவது ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் சோதனை முழுவதும் கெட்டுவிடும். புண் ஆறினாலும் எந்த மருந்தால் ஆறியது என்று பிறகு சொல்ல முடியாது. ஆயுர்வேதம், சித்தம் என்ற பெயரில் வாங்கும் பெயரில்லாப் பொடிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும், அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

புண்கள் ஆறியும் வலியும் வாந்தியும் தொடர்ந்தால் குறுக்கத்தை எண்ண வேண்டும். தழும்பு விழுந்து சுருங்கிய குடலை எந்த மாத்திரையும் விரிக்காது. எனவே அடைப்பு நீடிப்பதை வைத்துக் 'காசநோய் மருந்து வேலை செய்யவில்லை, ஆகவே கிரோன்' என்று முடிவெடுப்பது பிழை. பலூனால் விரிக்கலாம், அல்லது அறுவை சிகிச்சை தேவைப்படலாம். புண்களே ஆறாமல் இருந்தால் கிரோன் முதலிடத்துக்கு வருகிறது. அப்போதும் மருந்தை மாற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள் உள்ளன. நோயாளி மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, கிருமி மருந்துக்கு அடங்காத வகையா, நிணநீர்ப் புற்றுநோயோ, ரத்தக்குழாய்களில் அழற்சியை உண்டாக்கும் பெசெட் நோயோ இதே வேடத்தில் வந்திருக்கிறதா? புதிதாகத் துணுக்குகள் எடுத்தால் இவற்றில் பலவற்றுக்கு விடை கிடைக்கும்.

அறுவை சிகிச்சைதான் வழி என்றாகிவிட்டால், அகற்றப்படும் குடலோடு அதையொட்டிய நிணமுடிச்சுகளையும் திசு ஆய்வுக்கும் கிருமி வளர்ப்புக்கும் அனுப்பச் சொல்ல வேண்டும். குடற்சுவரில் எங்கும் தென்படாத தயிர்க்கட்டிச் சிதைவு நிணமுடிச்சில் மட்டும் தென்பட்டு, காசநோய் என்று அப்போதுதான் உறுதியாகும் நோயாளிகளும் உண்டு.